லோகநாயகி எடுத்த பூட்ஸ்

இலஞ்சியில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், பாத்திரம் எடுக்கத் தென்காசிக்குப் போகும் வேனில் லோகநாயகிக்கு ஓர் இடம் உண்டு. சொந்தமா, தெரிந்தவளா என்பதெல்லாம் அப்புறம். அவள் வந்தால் கடைக்காரன் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பான். குத்துவிளக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பாள். குடத்தைச் சுண்டி ஓசை கேட்பாள். பட்டுச்சேலையில் முந்தியை விட்டுவிட்டு உள்மடிப்பை விரிக்கச் சொல்வாள். "மேல இருக்கத எல்லாரும்தான் பாப்பாவ. உள்ள என்ன வச்சிருக்கான்னு பாக்கணும்லா" என்பாள். மகள் சடங்கானபோது அவள் வாங்கிய மிக்சி, மகள் மாரிச்செல்வி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் இங்கே தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கிறது.

அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. அங்கேயும் அப்படித்தான். முட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா முங்குகிறதா என்று பார்க்காமல் ஒன்றைக்கூட வேக வைக்க மாட்டாள். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஊரில் அவளைக் கேலி பேசாதவர்கள் கிடையாது. கேலி பேசிவிட்டு, மறுநாள் கிரைண்டர் வாங்க அவளையே கூப்பிடுவார்கள்.

புருஷனைக்கூட அவள்தான் பார்த்து எடுத்தாள். பெண் பார்க்க மேலகரத்திலிருந்து வந்த கூட்டத்தில் சொரிமுத்து கடைசியாக வந்தான். வாசலில் மற்றவர்கள் உதறிப் போட்டுவிட்டுப் போன செருப்புகள் திசைக்கு ஒன்றாகக் கிடந்தன. அவன் குனிந்து எல்லாவற்றையும் சோடி சேர்த்து ஓரமாக வைத்து, தன்னுடையதையும் அதன் பக்கத்தில் விட்டு, குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். சன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த லோகநாயகி, காப்பித் தட்டைத் தூக்கும் முன்னாலேயே சரி என்று முடிவு செய்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த எதுவும் சோடை போனதில்லை, ஆனாலும் அதுதான் அவள் எடுத்ததிலேயே முதல் தரம்.

சொரிமுத்து இலஞ்சிக்கு வந்து, குற்றாலம் போகும் வழியில் உள்ள வயற்காட்டில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டான். அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவள் பேசினாள். ஒரு சாரல் சமயம், அருவியில் குளித்துவிட்டுக் காரில் வந்த வெளியூர்க் கூட்டம் ஒன்று, பச்சையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, பூட்ஸ் காலோடு பயிருக்குள் இறங்கிப் போட்டோ எடுத்தது. சாப்பாடு கொண்டு வந்த லோகநாயகி தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு ஒரு பிடி பிடித்தாள். "சாமி இருக்க எடத்துல செருப்பு போட்டுட்டுப் போவியளா? சோறு போடுத லெச்சுமி அது. ஏறி வாங்கவே வெளிய!" அவர்கள் காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அவள் விடவில்லை. வாயே திறக்காத சொரிமுத்து இந்தக் கதையை மட்டும் டீக்கடையில் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எப்படிக் கையை நீட்டினாள் என்பதை நடித்தும் காட்டுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன வருஷம் நாற்று நடும் சமயத்தில், பக்கத்து வயல் சுடலையாண்டியைப் பூச்சி கடித்துவிட்டது. வயற்காட்டில் பாம்பைப் பாம்பு என்று யாரும் சொல்வதில்லை, பூச்சிதான். உயிர் பிழைத்துக்கொண்டான். ஆனால் காலில் சதை அழுகி, இரண்டு விரலை எடுத்தார்கள். அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு லோகநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமாக, விரல்கள் விரிந்து, குதிகால் முழுக்க வெடித்துக் கிடந்த கால்.

"உங்களுக்கு ஒரு ரப்பர் கம்பூட்ஸ் எடுக்கணும்" என்றாள்.

"எனக்கு எதுக்குட்டி? நான் என்ன போலீஸா?"

"சுடலையாண்டி தம்பி காலப் பாத்தீயல்லா?"

"அது அவனுக்கு நேரம். நான் பிறந்ததுல இருந்து வயலுலதான கெடக்கேன்."

"நேரம் உங்ககிட்ட சொல்லிட்டா வரும்? பேசாம கெடங்க. எடுக்கது எடுக்கதுதான்."

கடைக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். அதனால் என்ன? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவனின் காலடியில் பழைய நாள்காட்டித் தாளை வைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்துகொண்டாள். கூச்சத்தில் அவன் காலை இழுத்துக்கொண்டதால் சுண்டுவிரல் கோணலாகப் போயிற்று. எழுப்பி நிற்க வைத்து மறுபடி வரைந்தாள். கெண்டைக்கால் சுற்றளவுக்கு ஒரு நூல். அந்தத் தாளையும் நூலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு தென்காசி பஜாருக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஹபீபுல்லா பாயின் கடை. ரப்பர் சாமான், தார்ப்பாய், மழைக்கோட்டு, ஹோஸ் எல்லாம் விற்பவர். பாதி ஆயுசை வளைகுடாவில் கட்டட வேலையில் கழித்தவர், காங்கிரீட்டுக்குள் கம்பூட்ஸ் போட்டு நின்று நின்று கணுக்காலில் முடியே முளைக்காமல் போனவர். லோகநாயகி தாளை விரித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் கம்பூட்ஸ் பற்றிக் கேள்வி கேட்டதில்லை. "ஒரு சோடி குடுங்க" என்பார்கள், வாங்கிப் போவார்கள்.

"தங்கச்சி, இது காலையில வரஞ்சதா, சாயந்தரம் வரஞ்சதா?"

"மத்தியானம். ஏன் பாய்?"

"சாயந்தரமானா காலு கொஞ்சம் வீங்கும்லா. அதுக்கும் எடம் விடணும். முன்னால ஒரு பெருவெரல் அளவு சும்மா கெடக்கணும். ஆனா குதிகால் கப்புனு பிடிக்கணும். இல்லன்னா சேத்துக்குள்ள பூட்ஸு அங்கனயே நிக்கும், காலு மட்டும் வெளிய வரும். சவூதியில நான் எத்தன மட்டம் விழுந்திருக்கேன் தெரியுமா?"

அவர் முதலில் எடுத்துப் போட்ட சோடியை அவள் கணுக்கால் மடியும் இடத்தில் வளைத்துப் பார்த்தாள். விறைப்பாக இருந்தது. ஒரே வருஷத்தில் அங்கே கீறல் விடும் என்று பாயே ஒப்புக்கொண்டார். அடுத்ததற்குள் கையை முழங்கை வரை விட்டுத் தையலைத் தடவினாள். ஓரத்தில் ஒரு பிசிறு, குதிகாலை அறுக்கும். அடுத்தது கனம். நாள் முழுக்கப் போட்டால் முட்டி வலிக்கும். கடைசியில் பாய், புனலூர்ப் பக்கம் ரப்பர் வெட்டும் ஆட்கள் போடும் பூட்ஸ் ஒன்று உண்டு, மெத்தென்று இருக்கும், நாள்பட உழைக்கும், உள்ளே துணி வைத்திருக்கும், அங்கிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றார். வந்தபோது சேதி சொல்லி அனுப்பினார்.

லோகநாயகி அதை முகர்ந்து பார்த்தாள், மடித்துப் பார்த்தாள், அடிப்பாகத்தின் வரிப்பள்ளங்களில் நகத்தை விட்டுப் பார்த்தாள். அப்புறம், "பாய், ஒரு வாளி தண்ணி கெடைக்குமா?" என்றாள்.

"எதுக்கு?"

"உள்ள ஊத்திப் பாக்கணும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனாலும் தண்ணீர் வந்தது. இரண்டு பூட்ஸும் வாய் நிறையத் தண்ணீரோடு கடை வாசலில் நின்றன. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே ஈரம் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. "சரி, இத கட்டுங்க" என்றாள். வாழ்நாளில் எந்தச் சாமானையும் அவள் இவ்வளவு ஆராய்ந்து வாங்கியதில்லை.

முதல் நாள் சொரிமுத்து அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது, ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. "ஏலே சொரிமுத்து, பட்டாளத்துல சேந்துட்டியோவ்!" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல். அவன் கோவில் யானை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். ஆனால் ஒரு வாரம் போனதும் பழகிவிட்டது. பழகியது என்ன, பிடித்துப்போய்விட்டது. ஐப்பசி மழையில் தெரு முழுக்கச் சகதியாகக் கிடந்தபோது, மற்றவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கல் பார்த்துக் கால் வைக்க, அவன் நடுவில் நடந்து போனான். "நல்லாத்தாம்ட்டி இருக்கு. கடிக்கவே இல்ல" என்று ஒருநாள் அவனாகவே சொன்னான். அவன் வாயிலிருந்து அது ஒரு மேடைப்பேச்சுக்குச் சமம். லோகநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

தினமும் விடியக்காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பூட்ஸோடு போவான். வெயில் ஏறியதும் பூட்ஸோடு திரும்புவான். அவள் நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பூட்ஸ் சுத்தமாக இருக்கும். உள்ளே ஈரமில்லை, மேலே சேறில்லை, அடியில் மட்டும் கொஞ்சம் தெருமண். கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. அது இன்னும் கடையில் இருந்த மாதிரியே இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போனவள் பாயின் கடைக்கும் போய் நின்றாள்.

"பாய், நீங்க குடுத்த பூட்ஸு, தெனம் வயலுக்குத்தான் போவுது. இன்னும் புத்தம் புதுசு. ஒரு சேறு கூட ஒட்ட மாட்டேங்குது பாத்துக்கிடுங்க."

பாய்க்கு அது கொஞ்சம் உதைத்தது. "சேறு ஒட்டாத பூட்ஸ் ஏது தங்கச்சி? அண்ணாச்சி கழுவி வைப்பாரா இருக்கும்."

"அவரா? சாப்பிட்ட தட்டையே நான்தான் எடுத்துக் கழுவணும்" என்று அவள் சிரித்தாள். பாயும் சிரித்தார். அதற்குள் யாரோ தார்ப்பாய் கேட்டு வந்துவிட்டார்கள். குடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறவள், அந்த ஒரு பேச்சை மட்டும் புரட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

தை மாசக் கடைசியில் ஒருநாள் காலை. சத்துணவுக் கூடத்தில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, சுடலையாண்டி நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் எழுந்துவிட்டாள்.

"மைனி, அண்ணனப் பூச்சி கடிச்சிட்டு. ஆட்டோல ஏத்தித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. வாங்க."

"பூச்சியா? எங்க கடிச்சுது?"

"கால்ல."

"கால்லயா? பூட்ஸு போட்டிருந்தாவளே!"

சுடலையாண்டி வாசலில் நின்ற ஆட்டோவைக் காட்டினான். ஆட்டோவில் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பூட்ஸைத் தாண்டிக் கடித்திருந்தால் பல் ஆழமாக இறங்கியிருக்காது. ரப்பர் தடிமன். துணி வேறு இருக்கிறது. ஒன்றும் ஆகாது. கடவுளே, ஒன்றும் ஆகாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கால் வெறுங்காலாக நீட்டிக் கிடந்தது. கணுக்காலுக்குக் கீழே இரண்டு பொட்டு. அதைச் சுற்றி வீங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நினைவு இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"பூட்ஸு எங்கங்க?" என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவர்கள், என்ன பொம்பளை இவள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்திரமா இருக்குட்டி" என்றான் சொரிமுத்து. "பனையடியில, எப்பவும் வைக்க எடத்துலதான் கவுத்தி வச்சிருக்கேன். மழ பெஞ்சாலும் உள்ள தண்ணி போவாது. நீ கவலப்படாத."

"எப்பவும் வைக்க எடமா? அப்ப தெனமும் கழட்டிட்டா எறங்குனீய? ஏன் கழட்டுனீய?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். கேட்கக்கூடாததை அவள் கேட்டுவிட்ட மாதிரி. "என்னட்டி இப்படிக் கேக்க? பயிருக்குள்ள எப்படிச் செருப்புக் காலோட எறங்க? நீதான அன்னைக்கு அந்தப் போட்டோக்காரனுவள வெரட்டி விட்ட?" என்று சொல்லி, அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தான். அவன் மனசில் அந்தக் காட்சி ஓடியிருக்க வேண்டும்.

அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் டாக்டர்மார் செய்தார்கள். விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசியது கொஞ்சம்தான். வயலுக்குத் தண்ணீர் பாயும் வாமடையை அடைத்தார்களா என்று கேட்டான், மாரிச்செல்வி வந்துவிட்டாளா என்று கேட்டான். வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். ஹபீபுல்லா பாய் வந்தார். வாசலிலேயே நின்றார். "நான் ஊர்ல வெவசாயம் பாத்தவன் இல்ல தங்கச்சி. பயிருக்குள்ள எறங்கும்போது கழட்டுவாவன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோகநாயகி அழவில்லை. அவளுக்குத் தெரியுமே. பாய்க்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். குதிகால் கேட்டாள், தையல் கேட்டாள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். இந்த ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஆண்டாண்டு காலமாகக் கண்ணுக்கு முன்னால் நடப்பதை யார் கேள்வி கேட்கிறார்கள்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மகள் ஊருக்குக் கிளம்பும்போது, வயல் பக்கமே போகாதே என்று சத்தியம் வாங்கப் பார்த்தாள். ஆனால் பயிர் நின்றது. பால் பிடித்து, மணி முற்றும் பருவம். கடைசித் தண்ணீர் ஒன்று விட்டே ஆக வேண்டும். "நான் பாத்துக்கிடுதேன் மைனி" என்றான் சுடலையாண்டி. "அந்தக் காலோட நீ ஒண்ணும் எறங்க வேண்டாம். கூட மட்டும் வா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வெயில் ஏறிய பிறகு லோகநாயகி மண்வெட்டியோடு போனாள்.

பனையடியில் இரண்டு குச்சி நட்டு, அதன்மேல் பூட்ஸ் இரண்டும் தலைகீழாகக் கவிழ்ந்து இருந்தன. செத்தவனின் பொருளை யாரும் தொடவில்லை. சோடி சேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, முனை இரண்டும் ஒரே பக்கம் பார்த்து. அதே கைதான் அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் செருப்புகளை அடுக்கியது. உள்ளே சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது. அடிப்பாகத்தின் வரிகள்கூடத் தேயவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். "புத்தி இருக்கா உங்களுக்கு? சாமியா வந்து காலப் பிடிக்கும்?" என்று சத்தம் போட்டுக்கொண்டே, சாக்ஸை முனையில் திணித்து, அந்தப் பெரிய பூட்ஸுக்குள் காலை விட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "இங்கன பாருங்க, இப்படி எறங்கணும். இப்படி." வரப்பின் ஓரத்துக்கு வந்து வலது காலைத் தூக்கினாள்.

கால் இறங்கவில்லை. கதிர்கள் பாரம் தாங்காமல் தலை சாய்த்து அவள் முட்டிக்கு முன்னால் நின்றன. தூக்கிய காலை வரப்பிலேயே திரும்ப வைத்தாள். மறுபடி தூக்கினாள். அவள் கை, அவளைக் கேட்காமலே, பூட்ஸின் வாயைப் பிடித்துக் கழற்றப் போயிற்று. என்றைக்காவது ஒருநாள் அவன், ஏட்டி, இதைப் போட்டுக்கிட்டுப் பயிருக்குள்ள எறங்கலாமா என்று கேட்டிருந்தால், தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. கழட்டி வச்சிட்டு எறங்குங்க என்றுதான் சொல்லியிருப்பாள். ஓர் அதட்டலும் போட்டிருப்பாள்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சுடலையாண்டி தள்ளி நின்றான். ஐந்தருவிப் பக்கம் மலையில் மேகம் இறங்கி, பிறகு விலகியது. கடைசியில் அவள் எழுந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பொறுத்துக்கோ தாயே" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, பூட்ஸ் காலோடு பயிருக்குள் இறங்கினாள்.

சேறு கெண்டைக்கால் வரை பிடித்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தையல் எங்கேயும் உறுத்தவில்லை. நெல் தாள்கள் பூட்ஸில் உரசி விலகி, அவள் தாண்டியதும் நிமிர்ந்துகொண்டன. வாமடை வரைக்கும் போய் மண்ணை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். திரும்பி நடந்தாள். வயல் அப்படியேதான் இருந்தது. வானம் இடியவில்லை, மண் பிளக்கவில்லை. நடு வயலில் வந்தபோது நின்றுவிட்டாள். குனிந்து, சேறு அப்பிய அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது அப்போது வாய்விட்டு வந்தது.

"ஒண்ணுமே ஆகலயேங்க" என்று அவள் கதறினாள். "இவ்வளவுதான். ஒண்ணுமே ஆகல. எறங்கியிருக்கலாமேங்க, நீங்க எறங்கியிருக்கலாமே!"